பொருளறிவியல் கேட்கும் மகளைக் கணினிக்குத் திருப்பாதீர்கள்

மகள் பொருளறிவியல் படிக்க ஆசைப்படுகிறாள், அதில் ஈர்ப்பு அலைக் கருவிகளைப் பற்றியே பேசுகிறாள், பெரியப்பாவும் மாமாவும் "அதில் என்ன வேலை கிடைக்கும்?" என்று துளைக்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கணினி அறிவியலில் சேர்த்துவிடலாம் என்ற முடிவு தவறு. பொருளைக் கையில் எடுத்துச் சோதிக்கத் துடிக்கும் பிள்ளை அங்கே அரைமனதோடுதான் படிப்பாள்.

வானியல், கோட்பாட்டு இயற்பியல் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஈர்ப்பு அலைக் கருவியில் லேசரைத் திருப்பும் கண்ணாடியின் மேலுள்ள பூச்சைப் பற்றி.

அமெரிக்காவின் லைகோ, வெளியின் மெல்லிய அதிர்வான ஈர்ப்பு அலையை லேசரால் உணரும் கருவி. அதன் 4 கிலோமீட்டர் கைகளில் தொங்கும் ஒவ்வொரு கண்ணாடியும் 40 கிலோ, உருக்கி உறையவைத்த சிலிக்கா. 34 சென்டிமீட்டர் விட்டம். அதன் முகத்தில் சிலிக்காவும், டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) கலந்த டான்டலாவும் (டான்டலம் ஆக்சைடு) மாறிமாறிப் படிந்த பூச்சு சில மைக்ரான்தான். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அருகே கருவியின் காதை மந்தமாக்கும் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. தனக்குள் நடக்கும் உராய்வில், அதாவது உள்ளுராய்வில், அதிர்வை விழுங்கும் பொருள், வெப்பத்தால் தானும் நடுங்கும். எவ்வளவு விழுங்குகிறது என்பதைச் சொல்லும் எண் இழப்புக் கோணம்; சிலிக்காக் கட்டிக்கு அது கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. டான்டலாவுக்கோ பத்தாயிரத்தில் சில பங்கு. லேசர் முதலில் படுவதும் பூச்சின் மேல்தான். குளிர்வித்துத் தப்பலாம் என்றால், குளிரில் சிலிக்காவின் உள்ளுராய்வு ஏறிவிடும். அதனால்தான் குளிரில் இயங்கும் ஜப்பானின் ஈர்ப்பு அலைக் கருவியான காக்ரா நீலக்கல்லை எடுத்துக்கொண்டது. அதற்கும் இரட்டை விலகல், அதாவது ஒளி அதிரும் திசைக்கேற்ப வேறு வேகத்தில் செல்வது, என்ற தொல்லை உண்டு.

அன்றாட வேலை இப்படி இருக்கும். 75 மில்லிமீட்டர் சிலிக்கா வட்டு ஒன்றை வெற்றிடக் கலத்தில், ஒரு கோள வளைவின் உச்சியில், நடுப்புள்ளி மட்டும் படும்படி வைப்பார்கள். மின்புலத்தால் மணிபோல் அதிரவிட்டு, அடங்கும் நேரத்தை அளப்பார்கள். 1,000 ஹெர்ட்ஸில் தரக்காரணி (அதிர்வு எவ்வளவு மெல்ல அடங்குகிறது என்பதன் அளவு) 1 கோடி என்றால், அதிர்வின் வீச்சு சுமார் 37 சதவீதமாகக் குறையவே சுமார் 53 நிமிடம் ஆகும். பிறகு பூச்சு போட்டு மறுபடி அளவு. விளிம்பில் சிறு சில்லு, தொடுபுள்ளியில் தூசு, கலத்தில் மிச்சக் காற்று, எது இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். இழப்பைக் குறைக்கப் பூச்சைச் சூடாக்கி மெல்ல ஆறவிடுவார்கள் (அனீலிங்); அந்த வெப்பத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் டான்டலா படிகமாகி ஒளியைச் சிதறடிக்கும். பூச்சில் சிக்கிய ஒரு நுண்ணிய மாசுப் புள்ளிகூட லேசரை உறிஞ்சிச் சூடாகி, கண்ணாடியின் முகத்தைப் புடைக்க வைக்கும்.

மென்படலம் படிய வைக்கும் இந்தக் கைத்திறன் லேசர் கண்ணாடிகளுக்கும், ஒளி வடிகட்டிகளுக்கும், சிப் தயாரிப்புக்கும் வேண்டும். மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

செலவு விஷயத்தில் நான் இளக மாட்டேன். பேர்பெற்ற இடம் என்பதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். சேருமுன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள்: பூச்சுக் கலம் ஓடுகிறதா, இளநிலை மாணவர்களைத் தொட விடுகிறார்களா? பூட்டிக் கிடந்தால் வேறு இடம் தேடுங்கள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தராத இடம் வேண்டவே வேண்டாம்.

ஒரே அளவைப் பத்து முறை எடுக்கும் பொறுமை அவளுக்கு உண்டா என்று அவளிடமே கேளுங்கள். இல்லை என்றால் இந்த வழியையும் திணிக்காதீர்கள்.