கும்பகோணத்தில் இருப்பவர் அசல் ஜப்பானிய சுஷி உணவகத்தைக் கண்டறிவது எப்படி?

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் அசல் சுஷி (வினிகர் கலந்த சோற்றோடு, பெரும்பாலும் பச்சை மீன் சேர்த்துத் தரும் ஜப்பானிய உணவு) எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்டாவில் தேடி அலைவதைவிட, சென்னைக்குச் செல்லும்போது தேடுவதே பலன் தரும் என்பது என் கருத்து. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் ஜப்பானியர்கள் சென்னையில் வசிப்பதால், அவர்களை நம்பி நடக்கும் உணவகங்களும் அங்கே உண்டு. ஜப்பானியக் குடும்பங்கள் வழக்கமாக வந்து சாப்பிடும் கடை என்பதே நல்ல அறிகுறி.

மீனுக்கு முன் சோற்றைக் கவனியுங்கள். குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள ஜப்பானிய அரிசியை அளந்த நீரில் வேகவைத்து, அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து, ஏறத்தாழ உடல் சூட்டில் பரிமாற வேண்டும். கையில் எடுக்கும்போது உதிராத அந்தப் பிடி, வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். சில்லென்று விறைத்திருந்தால் அது குளிர்பெட்டிச் சரக்கு. நம் பொன்னி உதிரிச் சோற்றுக்கே உகந்தது, குட்டையான சீரகச் சம்பாவும் அப்படித்தான்.

நாகப்பட்டினத்தில் அன்று காலை இறங்கிய மீனாக இருந்தாலும், புதியது என்பது மட்டும் பச்சையாக உண்ணப் போதாது. ஒட்டுண்ணிகள் சாக, -20 பாகை செல்சியஸில் 7 நாட்கள் உறையவைப்பது ஏற்கப்பட்ட முறைகளுள் ஒன்று. மீன் எப்படி வந்தது என்று கேளுங்கள்; மழுப்பினால் எழுந்துவிடலாம். (ஆற்று மீனில் வீட்டிலேயே முயலும் எண்ணம் இருந்தால், அருள்கூர்ந்து கைவிடுங்கள்.) சுஷியோடு தரும் காரமான வசாபி, அசல் வசாபிச் செடியிலிருந்து அரைத்ததாக இல்லாமல் பச்சை நிறமூட்டிய பசையாக இருப்பதால் மட்டுமே கடையைப் போலி என்று தள்ள வேண்டாம், ஜப்பானிலும் சாதாரணக் கடைகளில் அதுவே வழக்கம்.