எச்1பி நண்பருக்காக நாம் துப்பாக்கி வாங்கித் தரலாமா?

கேள்வி: டாலஸ் அருகே வசிக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. எச்1பி விசாவில் இருக்கும் நண்பர் வீட்டில் அண்மையில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். பயந்துபோன அவர், "பணம் அனுப்புகிறேன், உங்கள் பெயரில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கித் தாருங்கள்" என்கிறார். அலுவலகத்தில் பல வருடங்களாகத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் வெறும் காகிதம், யாரும் பார்ப்பதில்லை. ஏடிஎஃப்காரர்கள் (துப்பாக்கி விதிகளைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையினர்) நேர்மையானவர்களைத்தான் வதைப்பார்கள்" என்றார். எது சரி?

பதில்: வாங்கித் தராதீர்கள். உங்கள் நண்பர் சட்டப்படி தன் பெயரிலேயே வாங்க ஒரு வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், இந்த உதவி ஏன் உங்கள் தலையில் வந்து விழும் என்பதைப் பார்ப்போம்.

உரிமம் பெற்ற டீலரிடம் எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதன் 21-ஆம் கேள்வி, இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்றுதான் தொடங்குகிறது. இன்னொருவர் சார்பில் வாங்கினால் நீங்கள் வாங்குபவர் ஆக மாட்டீர்கள், டீலர் அதை உங்களிடம் தரக்கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. "ஆம்" என்று குறித்துக் கையெழுத்திட்டால் பொய் சொன்னதாகிறது. அதற்கு மட்டுமே 10 வருடம் வரை சிறை. துப்பாக்கி கைக்கு வராவிட்டாலும், வாங்க முயன்றபோது சொன்ன பொய்யே போதும். பணத்தை நண்பர் முன்கூட்டி அனுப்பினாரா, நீங்கள் வாங்கிய பிறகு கொடுத்தாரா, நீங்கள் ஒரு டாலர்கூட லாபம் பார்க்கவில்லையா என்பதெல்லாம் இங்கே எடுபடாது. அவருக்காக வாங்குவது என்று முன்பே பேசிவிட்டால் அது பினாமி கொள்முதல்தான்.

"நண்பரும் குற்றமற்றவர்தானே" என்று பலர் வாதிடுவார்கள். அந்த வாதம் 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது. ஆப்ரம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், போலீஸ் தள்ளுபடி கிடைக்கும் என்பதற்காக வர்ஜீனியாவில் ஒரு க்ளாக் 19 வாங்கி, பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்குக் கொடுத்தார். மாமா 400 டாலருக்குக் காசோலை எழுதி, அதில் துப்பாக்கியின் பெயரையே குறிப்பிட்டிருந்தார். இருவரும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்கள். பென்சில்வேனியாவில் கைமாற்றியதும் டீலர் மூலமாக, முறையாகத்தான். ஆனாலும் படிவத்தில் சொன்னது பொய் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. துப்பாக்கி உரிமையாளர்கள் இன்றும் கசப்போடு பேசும் தீர்ப்பு இது. நான்கு நீதிபதிகள் அவர்கள் பக்கம் நின்றார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் நாட்டின் சட்டம் இன்று அதுதான்.

உங்கள் விஷயம் அதைவிட மோசம். குடியேறாதோர் விசாவில் வந்தவர்கள், அதாவது எச்1பி, எச்4 (எச்1பி-காரரின் குடும்பத்தினர்), எஃப்1 (மாணவர்), பி2 (சுற்றுலா) எல்லோரும், சட்டம் தரும் விதிவிலக்கு ஒன்றுக்குள் வந்தாலொழிய, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. அப்படித் தடையுள்ள ஒருவருக்காக வாங்குவதை 2022 ஜூனில் வந்த சட்டம் தனிக் குற்றமாக்கிவிட்டது. 15 வருடம் வரை தண்டனை. அந்தத் துப்பாக்கி பெரிய குற்றம் ஒன்றில் பயன்படும் என்று தெரிந்தே வாங்கினால் 25 வரை போகும். பரிசாகக் கொடுத்தேன் என்று சொல்லியும் தப்ப முடியாது. சொந்தப் பணத்தில் வாங்கி, பதிலுக்கு எதுவும் பெறாமல், தகுதியுள்ள ஒருவருக்குக் கொடுப்பதுதான் பரிசு. உங்கள் மனைவியிடம் கிரீன் கார்டு இருந்தால் பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாம். அவர் விதிவிலக்கு ஏதும் இல்லாத எச்4 என்றால் கூடாது.

தண்டனையைவிட நம்மவர்கள் கவனிக்காத ஆபத்து குடியேற்றத்தில் இருக்கிறது. துப்பாக்கி தொடர்பான ஒரு குற்றத்தில் தண்டனை பெற்றாலே கிரீன் கார்டுகாரரை நாடு கடத்த முடியும். எத்தனை வருடம் இருந்தீர்கள், வீடு வாங்கினீர்களா என்பதெல்லாம் அதைத் தடுக்காது. விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருந்து தண்டனை பெற்றால், குடியேற்றச் சட்டம் அதை மிகக் கடுமையான குற்ற வகையில் சேர்க்கிறது.

இப்போது உங்கள் சக ஊழியர் சொன்னது. அவருடைய அவநம்பிக்கையை நான் தள்ளிவிட மாட்டேன். அதற்குக் காரணங்கள் உண்டு. 2009 முதல் 2011 வரை அரிசோனாவில் ஏடிஎஃப் நடத்திய "ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்" நடவடிக்கையில், சந்தேகத்துக்குரிய பினாமி கொள்முதல்களை டீலர்களே தெரிவித்தார்கள். அதிகாரிகளோ விற்பனையைத் தொடர விட்டார்கள். சுமார் 2,000 துப்பாக்கிகள் அப்படிப் போயின, பலவற்றின் தடமே தொலைந்தது. 2010 டிசம்பரில் எல்லைக் காவலர் பிரையன் டெர்ரி கொல்லப்பட்ட இடத்தில் அவற்றில் இரண்டு கிடந்தன. ஒழுங்காக நடந்த டீலர்களுக்கு இது எவ்வளவு பெரிய துரோகம் என்று நினைத்துப் பாருங்கள். 1992 ரூபி ரிட்ஜ், 1993 வேக்கோ என்று, துப்பாக்கி வழக்கில் தொடங்கி உயிர்ப்பலியில் முடிந்த முற்றுகைகளின் இன்னும் பழைய காயங்களும் உண்டு. விதிகளும் ஆடிக்கொண்டே இருந்தன. 2023-இல் ஏடிஎஃப் கொண்டுவந்த பிஸ்டல் பிரேஸ் (கைத்துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்பு) விதியை நீதிமன்றம் ரத்து செய்தது, பம்ப் ஸ்டாக் (வேகமாகச் சுட உதவும் இணைப்பு) தடையை 2024-இல் உச்ச நீதிமன்றமே நீக்கியது. நேற்று குற்றம், இன்று இல்லை என்றால் யாருக்கு நம்பிக்கை வரும்?

"யாரும் பார்ப்பதில்லை" என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2017 நிதியாண்டில் பின்னணிச் சோதனையில் சுமார் 1,12,000 விற்பனைகள் மறுக்கப்பட்டன. ஏறத்தாழ 12,700 மட்டுமே கள அலுவலகங்களுக்கு விசாரணைக்குப் போயின. மத்திய அரசு வழக்கு தொடர்ந்தது 12 பேர் மீது. அரசின் தணிக்கை அலுவலகமே வெளியிட்ட கணக்கு இது.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து "அப்படியானால் எனக்கும் ஒன்றும் ஆகாது" என்று முடிவெடுப்பது பெரிய தவறு. அவை கடையிலேயே நின்றுபோன விற்பனைகள். பினாமி வழக்குகள் பெரும்பாலும் வேறு முனையிலிருந்து வருகின்றன, துப்பாக்கி எங்கோ ஒரு குற்றத்தில் சிக்கிய பிறகு. அப்போது தேடுவது இப்படி: மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப் மையம், வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரைக் கேட்கும், அவர் மொத்த விற்பனையாளரைச் சொல்வார், அவர் டீலரைச் சொல்வார். டீலர் 24 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். அவர் அலமாரியில் இருக்கும் 4473-இல் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கும். தேடல் அங்கேதான் முடியும், ஏனென்றால் உங்களுக்குப் பிறகு யாரிடம் போனது என்று எந்தக் காகிதமும் இல்லை. நண்பர் வீட்டிலிருந்து அது திருட்டுப் போனாலும் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான். வாங்கிய மூன்று வருடத்துக்குள் குற்றத்தில் சிக்கினால் அதையே கடத்தலின் அறிகுறியாகப் பார்ப்பார்கள். பிறகு வங்கிப் பரிமாற்றமும், "வாங்கியாச்சா?" என்ற வாட்ஸ்அப் செய்தியும் மீதியைச் சொல்லிவிடும்.

நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டரில் 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கொலைக் குற்றத்தில் சிறையிருந்து வந்த ஒருவன் வீட்டுக்குத் தீ வைத்து, அணைக்க வந்த வீரர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றான். அவன் துப்பாக்கிகள், 2010-இல் பக்கத்து வீட்டு இளம்பெண் ஒருத்தி தன் பெயரில் வாங்கிக் கொடுத்தவை. அவளுக்கு 8 வருடச் சிறை. உங்கள் நண்பர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. படிவத்தில் பெயர் இருப்பவருக்கு என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அரசு பட்டியல் வைத்திருக்கிறதா என்ற பயமும் உங்கள் சக ஊழியருக்கு இருக்கலாம். 1986-ஆம் வருடச் சட்டம் மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு தொடங்குவதைத் தடுக்கிறது. பின்னணிச் சோதனையில் தேறியவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். படிவம் டீலரிடமே இருக்கும். ஆனால் 2022 முதல் அதை அவர் கடை நடத்தும்வரை வைத்திருக்க வேண்டும், கடையை மூடினால் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு அனுப்ப வேண்டும். இந்த மாற்றத்தை உரிமையாளர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: ஐந்து வேலைநாளுக்குள் இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினால் டீலர் ஏடிஎஃப்புக்கு அறிக்கை அனுப்புவார். டெக்சாஸ் போன்ற எல்லை மாநிலங்களில் சிலவகை ரைஃபிள்களுக்கும் அது உண்டு. அதில் குற்றம் ஏதும் இல்லை, ஆனால் யாராவது வந்து கேட்கலாம்.

அப்படி வந்தால், வாரண்ட் இல்லாமல் உள்ளே விட வேண்டியதில்லை. வழக்கறிஞரோடு பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். இந்த உரிமை கிரீன் கார்டுகாரருக்கும் உண்டு. பேசாமல் இருப்பது குற்றமில்லை, அதிகாரியிடம் பொய் சொல்வது குற்றம். அதற்குத் தனியாக 5 வருடம்.

நண்பருக்கான வழி இதுதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலத்தில் பெற்றிருந்தால், விசாத் தடையிலிருந்து விலக்கு கிடைக்கும். டெக்சாஸில் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை அதைத் தருகிறது. மீன்பிடி உரிமம் போதாது. அதோடு டெக்சாஸ் முகவரியுள்ள ஓட்டுநர் உரிமம், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) எண், வேட்டை உரிமத்தின் நகல் ஆகியவற்றோடு அவரே கடைக்குப் போய், விசாக் கேள்விக்கு "ஆம்" என்றும் விதிவிலக்குக் கேள்விக்கு "ஆம்" என்றும் குறிக்க வேண்டும். டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடியேற்ற நிலையையும் சரிபார்ப்பதால் சோதனை தாமதமாகலாம். மூன்று வேலைநாள் கழிந்தும் பதில் வராவிட்டால் விற்பது டீலர் விருப்பம், பல கடைகள் விற்பதில்லை. விசாவில் இருப்பவர்களுக்கு விற்றுப் பழகாத கடைகளும் உண்டு, எனவே போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடட்டும்.

இதில் பலரும் தவறவிடுவது தேதியை. டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடியும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 முதல் அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே குற்றமாகிறது. புதிய வருட உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே கிடைக்கும், அப்போதே வாங்கிவிடச் சொல்லுங்கள்.

துணைக்கு நீங்கள் கடைக்குப் போகலாம். ஆனால் தேர்ந்தெடுப்பது, பேசுவது, பணம் கட்டுவது, கையெழுத்திடுவது எல்லாம் அவர்தான். ஒருவர் கைகாட்ட இன்னொருவர் பணம் கட்டினால் டீலர் இருவரையும் அனுப்பிவிடுவார், அவர் செய்வது சரியும்கூட.

ஊரிலிருந்து பார்க்க வரும் அப்பாவையோ மைத்துனரையோ சுடுதளத்துக்கு அழைத்துப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. பி2 விசாவில் வந்தவர், மேலே சொன்ன விலக்கு இல்லாமல், வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே அது வைத்திருப்பதாகத்தான் கணக்கு. 2019-இல் உச்ச நீதிமன்றம்வரை போன ரெஹைஃப் வழக்கு, விசா நிலை இழந்த ஒரு மாணவர் புளோரிடாவில் சுடுதளத்துக்குப் போனதில் தொடங்கியதுதான். தன் நிலை அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பி2 விசாவில் வந்தவருக்குத் தன் விசா தெரியாதா என்ன? சட்டம் தெரியாது என்பது காப்பாற்றாது.

ஏற்கெனவே யாருக்காவது இப்படி வாங்கிக் கொடுத்தவர்கள் இதைப் படித்தால்: துப்பாக்கியை அவசரமாக இடம் மாற்றாதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அது தனி வழக்காகும். திருட்டுப் போய்விட்டது என்று போலீசில் பொய்ப் புகார் கொடுக்கவே கூடாது. நண்பரோடு இதைப் பற்றிப் புதிதாக எதுவும் எழுதிப் பேசாமல், துப்பாக்கிச் சட்டம் தெரிந்த மத்திய குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரையும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம் எதிலும், குடியேற்ற வழக்கறிஞர் வாசகத்தைப் படித்துப் பார்க்கும்முன் கையெழுத்திடாதீர்கள். குற்ற வழக்கில் லேசாகத் தெரியும் ஒரு பிரிவு கிரீன் கார்டைப் பறித்துவிடக்கூடும்.