புது சூப்பரிண்டெண்டண்ட் தேடுகிறார்கள், நாம் என்ன செய்யலாம்? பெற்றோர் கேள்விகள், என் பதில்கள்

பே ஏரியாவில் (சான்ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) ஒரு பள்ளி மாவட்டத்தில், அதாவது ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பில், சூப்பரிண்டெண்டண்ட் தேடும் ஆலோசனைக் குழுவில் பெற்றோர் தரப்பில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது கலிஃபோர்னியா சட்டம்தான். மற்ற மாநிலத்துக்காரர்கள் தங்கள் ஊர் விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (இர்வைன், புதிதாக வந்தவர்): அக்கா, சூப்பரிண்டெண்டண்ட் என்றால் நம்ம ஊர் முதன்மைக் கல்வி அலுவலர் மாதிரியா?

நம்ம ஊரில் சூப்பரிண்டெண்ட் என்றதும் அரசு ஆபீஸில் ஃபைல் கட்டுக்குப் பின்னால் இருப்பவர்தான் ஞாபகம் வருவார். இங்கே அவர் மொத்தப் பள்ளி மாவட்டத்துக்கும் தலைமை அதிகாரி. வேலை முதன்மைக் கல்வி அலுவலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் நியமனம் வேறு. அங்கே அரசு போடும், அரசே மாற்றும். இங்கே நாம் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஸ்கூல் போர்டு அவரை ஒப்பந்தத்தில் வேலைக்கு வைக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு ஒப்பந்தம் அதிகபட்சம் 4 வருடம். விதிவிலக்கும் உண்டு. நியூயார்க் நகரத்தில் மேயர் நியமிக்கிறார். ஹூஸ்டனில் 2023-ல் மாநில அரசே மாவட்டத்தைக் கையில் எடுத்து, போர்டையும் மாற்றி, சூப்பரிண்டெண்டண்டையும் போட்டுவிட்டது. அந்த மாதிரி ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்ப் பெரிய பலன் இருக்காது.

கேள்வி (குப்பர்டினோ): எங்கள் ஊருக்கு வருபவர் எலிமென்டரி, ஹைஸ்கூல் இரண்டையும் பார்ப்பாரா?

மாட்டார். குப்பர்டினோவில் எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டம், ஹைஸ்கூலுக்கு ஃப்ரீமாண்ட் யூனியன் என்று வேறு மாவட்டம். இரண்டுக்கும் தனித்தனி போர்டு, தனித்தனி சூப்பரிண்டெண்டண்ட். அந்த ஃப்ரீமாண்ட் யூனியனுக்கும் ஃப்ரீமாண்ட் நகரத்துக்கும் சம்பந்தமே இல்லை, அங்கே ஃப்ரீமாண்ட் யூனிஃபைட் என்று இன்னொன்று இருக்கிறது. தப்பான போர்டுக்கு மூன்று பக்கம் ஈமெயில் எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அது என் கணவர்.

கேள்வி (டப்ளின், இரண்டு பிள்ளைகளின் அம்மா): சர்வே வந்திருக்கிறது. "புதிய தலைவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். போர்டு பெரும்பாலும் ஆள் தேடித் தரும் நிறுவனம் ஒன்றை அமர்த்தும். அவர்கள் சர்வே எடுத்து, கூட்டம் போட்டு, "இப்படிப்பட்டவர் வேண்டும்" என்று ஒரு பக்க விவரணை தயாரிப்பார்கள். விளம்பரமும் நேர்காணல் கேள்விகளும் அதிலிருந்துதான் பிறக்கும். நம் குரல் உண்மையில் உள்ளே போகிற வாசல் இது ஒன்றுதான். பெயர் அறிவித்த பிறகு மைக் முன்னால் நின்று கத்துவது, கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

ஆனால் அங்கே போய் "தொலைநோக்கு உள்ளவர், நன்றாகப் பேசிப் பழகுபவர், நேர்மையானவர்" என்று எழுதாதீர்கள். ஊரே அதைத்தான் எழுதும். தொலைநோக்கு இல்லாத நேர்மையற்ற ஆள் வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? குழுவில் உட்கார்ந்து அந்தப் பதில்களைப் படித்த எனக்கு ஒன்றும் மனசில் நிற்கவில்லை. நின்றது, "என் பையனுக்கு ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) என்று அவனுடைய சிறப்புக் கல்வித் திட்டத்தில் எழுதிக் கொடுத்தார்கள், நாலு மாதமாக ஆள் வரவில்லை. ஊழியர் பற்றாக்குறையைச் சமாளித்துக் காட்டியவர் வேண்டும்" என்ற ஒரே பதில். அது அப்படியே நேர்காணல் கேள்வியாக மாறியது. மாணவர் எண்ணிக்கை குறையும் மாவட்டமா? பள்ளியை மூடிய அனுபவம் உண்டா, எப்படி மூடினார் என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்கு ஹைஸ்கூலில் மொழிக் கிரெடிட் வேண்டுமா? அதையும் எழுதுங்கள், நம்மை விட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

கேள்வி (சான்ஹோசே): நாங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம். ஓட்டே இல்லை, எங்களை யார் மதிப்பார்கள்?

பேச ஓட்டு வேண்டாம். போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். உள்ளே வர உங்கள் பெயரைக் கட்டாயமாகக் கேட்கக்கூடக் கூடாது என்று 1953-லிருந்து இருக்கும் பிரவுன் சட்டம் (கலிஃபோர்னியாவின் பொதுக் கூட்ட விதி) சொல்கிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுபவருக்கு இரட்டிப்பு நேரம் தர வேண்டும். தினமும் பேரனைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவது பாட்டிதானே, அவரே தமிழில் பேசட்டும்.

ஓட்டு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. சான்ஃபிரான்சிஸ்கோவில் 2016-ல் மக்கள் ஏற்றுக்கொண்ட விதிப்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2022-ல் ஒரு நீதிமன்றம் அதைத் தள்ளியது, 2023-ல் மேல்முறையீட்டில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. தப்பித் தவறி சாதாரண வாக்காளர் படிவத்தில் "குடிமகன்" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. அந்தத் தனிப் படிவம் கொடுத்தவர்களின் பட்டியலையும் குடிவரவுத் துறை கேட்டு வாங்க வாய்ப்பு உண்டு என்று தேர்தல் அலுவலகமே எச்சரிக்கிறது. முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி (ப்ளசன்டன்): புது ஆள் வந்தால் வீட்டு விலை?

ரியல் எஸ்டேட் ஏஜென்டைக் கேளுங்கள்.

கேள்வி (சன்னிவேல்): இறுதிச் சுற்றில் இருப்பவர்களின் பெயரை ஏன் மறைக்கிறார்கள்? நம்ம வரிப்பணம்தானே!

நேர்காணலையும் தேர்வையும் மூடிய கூட்டத்தில் நடத்தக் கலிஃபோர்னியாவில் அனுமதி உண்டு. ஆனால் சம்பளமும் ஒப்பந்தமும் வெளிப்படையான வழக்கமான கூட்டத்தில்தான் நிறைவேற வேண்டும். அவசரக் கூட்டம் போட்டு முடிக்க முடியாது. அஜெண்டா 72 மணி நேரம் முன்பே வெளிவந்துவிடும். அஜெண்டாவைப் படியுங்கள்.

மறுபடி சன்னிவேல்: இது பதில் இல்லை மேடம். ஃப்ளோரிடாவில் விண்ணப்பமே பொது ஆவணம், அங்கே பல கவுண்டிகளில் சூப்பரிண்டெண்டண்டுக்குத் தேர்தலே நடக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

முடியும், ஆனால் ஒரு விலை உண்டு. இன்னொரு ஊரில் நன்றாக வேலை பார்ப்பவர் விண்ணப்பித்தது வெளியே தெரிந்தால், கிடைக்காதபோது அவர் பழைய ஊரில் எப்படித் தலை நிமிர்வார்? அதனால் நல்லவர்கள் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள்.

ஆஸ்டினிலிருந்து ஒருவர் குறுக்கிட்டு: எங்கள் டெக்சாஸ் வழிதான் நடுநிலை. பெயரை அறிவித்து 21 நாள் கழித்துத்தான் ஓட்டெடுப்பு.

சன்னிவேல்: அறிவிப்பது ஒரே ஒரு பெயர்! ஒரு தட்டில் ஒரு இட்லியை வைத்துவிட்டு "எது வேண்டுமோ எடுத்துக்கொள்" என்பது தேர்வா?

இட்லி உவமையை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த 21 நாளில் அவருடைய பழைய ஊர்ப் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். எங்களுக்கு அது கூட இல்லை. அப்புறம், எல்லாம் வெளிச்சத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. மயாமியின் அப்போதைய சூப்பரிண்டெண்டண்ட் ஆல்பர்ட்டோ கார்வால்யோ 2018-ல் நியூயார்க்குக்குப் போகிறார் என்று மேயர் தரப்பே அறிவித்துவிட்டது. மறுநாள் மயாமி போர்டு கூட்டம், டிவியில் நேரலை. எல்லோரும் போகாதே என்று கெஞ்ச, அவர் அங்கேயே மனம் மாறிப் "போகவில்லை" என்றார். 2021 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் போர்டு அவரைத் தேர்ந்தெடுத்தபோது மட்டும் கிளம்பிவிட்டார்.

என் கட்சி இது: கடைசி இருவர் பெயரையாவது ஒரு வாரம் வெளியே வைக்க வேண்டும். குழுவில் நான் இதைச் சொன்னேன், தோற்றேன்.

சன்னிவேல்: அப்போ நான் சொன்னதுதானே சரி?

பாதி.

கேள்வி (சான் ரமோன்): எங்கள் பள்ளி ரேட்டிங் 9-லிருந்து 8 ஆகிவிட்டது. புதியவர் வந்தால் வீட்டு விலை...

மேலே பாருங்கள்.

கேள்வி (ஃபாஸ்டர் சிட்டி): எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ராவை எடுத்துவிடுவாரா?

தனியாளாக எடுக்க முடியாது. பாடத்திட்டத்துக்கு போர்டு ஓட்டு வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவில் 2014-ல் அதை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளினார்கள், 2024 மார்ச்சில் மக்கள் ஆலோசனை வாக்கெடுப்பில் பெரும்பான்மையாகத் திரும்பக் கேட்டார்கள். நடுவில் எத்தனை சூப்பரிண்டெண்டண்ட் வந்து போனாலும், அந்தப் பத்து வருடத்தில் எட்டாவது படித்த பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு திரும்பக் கிடைக்காது. அடுத்த போர்டு தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி (ஃப்ரீமாண்ட்): விண்ணப்பித்தவர்களில் ஒருவர் இந்தியர் என்று கேள்விப்பட்டேன். நம்ம ஆளை நாம் ஆதரிக்க வேண்டாமா?

அவருடைய பழைய மாவட்டத்தில் என்னென்ன ஒப்பந்தம் யாருக்குப் போனது என்று முதலில் பாருங்கள். யாராக இருந்தாலும் இதைச் செய்யச் சொல்வேன். சிகாகோவின் தலைமை அதிகாரி பார்பரா பர்ட்-பென்னட், தான் முன்பு வேலை பார்த்த பயிற்சி நிறுவனத்துக்கு டெண்டரே இல்லாமல் 2 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போக வழிசெய்து, கமிஷன் பேரத்தில் சிக்கி 2015-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாலரை வருடம் சிறைத் தண்டனை. போர்டு ஓட்டுப்போட்டு நிறைவேற்றிய ஒப்பந்தம்தான் அது, அஜெண்டாவைத் திறந்து கேள்வி கேட்கத்தான் போதிய ஆளில்லை.

கேள்வி (மில்பிடாஸ்): பிடிக்கவில்லை என்றால் நடுவில் அனுப்ப முடியுமா?

முடியும், காசு கொடுத்து. கலிஃபோர்னியாவில் அந்தத் தொகைக்கு உச்சவரம்பு 12 மாதச் சம்பளம். அது உங்கள் பள்ளி பட்ஜெட்டிலிருந்துதான் போகும். அதனால் ஒப்பந்தம் நிறைவேறும் முன்பே படியுங்கள்.

கேள்வி (ஹேவர்ட்): ஒப்பந்தம் எங்கே கிடைக்கும்?

அஜெண்டாவோடு இணைத்திருப்பார்கள்.

கேள்வி (நியூவார்க்): அடுத்த மீட்டிங் எத்தனை மணிக்கு அக்கா?

அஜெண்டா.