பச்சிளம் குழந்தை ஐ.சி.யூ.: நாற்காலி எங்கே?

பச்சிளம் குழந்தைப் பிரிவு அமைப்பவர்கள் எழுதிக் கேட்டவையும் என் பதில்களும்:

10 படுக்கை வைக்கிறோம். இடைவெளி எவ்வளவு விடலாம்?

8 அடி. படுக்கைக்கு 120 சதுர அடி, தனி அறை என்றால் 165. அது அமெரிக்கக் கணக்கு என்பீர்கள். சரி, வென்டிலேட்டர், மருந்து ஏற்றும் 4 சிரிஞ்ச் பம்ப், போர்ட்டபிள் எக்ஸ்ரே எல்லாம் உள்ளே வந்தபின் எந்த ஊரிலும் இடம் போதாது. அம்மாவின் நாற்காலியையும் பிளானில் வரைந்துவிடுங்கள்.

எங்கள் பிரிவு அமைதியானது. சத்தத்தை அளக்க வேண்டுமா?

அளக்காமல் அமைதி என்று எப்படித் தெரிந்தது? சராசரி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். இன்குபேட்டர், அதாவது குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் மூடிய பெட்டி, அதன் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே 80 தாண்டும். அதன் தலையில் பாட்டில், கேஸ் ஷீட் எதையும் வைக்காதீர்கள், எத்தனை தடவை சொல்வது!

ஜன்னல் வைக்கலாமா?

தாராளமாக. படுக்கை 2 அடியாவது தள்ளி இருக்கட்டும், நேர்வெயில் பட்டால் இன்குபேட்டர் அடுப்பாகிவிடும்.

எல்லாவற்றையும் தனி அறையாக்கினால் குழந்தை நன்றாக வளருமா?

சுவர் வளர்க்காது. 2014-ல் அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநில ஆய்வில் தனி அறைக் குழந்தைகளுக்கு எடை நன்றாக ஏறியது. ஏன் என்று தேடிப்போனால் அம்மாவின் பங்கு கூடியிருந்தது. அதே ஆண்டு அங்கேயே செயின்ட் லூயி நகர ஆய்வில் தனி அறைக் குழந்தைகளுக்கு 2 வயதில் பேச்சு பின்தங்கியது; பெற்றோர் அதிகம் வராவிட்டால் தனி அறையில் குழந்தை கேட்க ஒரு குரலும் இருக்காது.

நான் பார்க்கப் போன ஒரு புதுப் பிரிவில் வாசலில் மீன்தொட்டி, தரையெல்லாம் மார்பிள். சிசேரியன் தையலோடு ஒரு பெண் 3 மணிக்கொரு தரம் பாலைப் பீய்ச்சிக் கதவருகே கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே ஒரு நாற்காலி இல்லை. கேட்டால் "இன்ஃபெக்‌ஷன் வந்துடும் சார்" என்கிறார்கள். டெல்லி சஃப்தர்ஜங் உட்பட 5 நாட்டு ஆஸ்பத்திரிகளில் அம்மாவின் கட்டிலையே பச்சிளம் குழந்தை ஐ.சி.யூ.வுக்குள் போட்டு, பிறந்த கையோடு நெஞ்சில் அணைக்க வைத்தார்கள். 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகள். முதல் 28 நாள் மரணம் கால்வாசி குறைந்ததாக 2021-ல் முடிவு வந்தது, தொற்றுச் சந்தேகமும் குறைந்தது. கட்டில் போட முடியாதா, படிக்கட்டை விட்டு எழுந்து வர ஒரு சாய்வு நாற்காலியாவது போடுங்கள்.

ஏசி எத்தனையில்?

22 முதல் 26 டிகிரி செல்சியஸ். வார்மரா இன்குபேட்டரா என்று எழுதவே இல்லையே! வார்மர் என்றால், அது மேலிருந்து சூடு தரும் திறந்த படுக்கை, ஏசி காற்று குழந்தை மேல் நேராக அடிக்கக் கூடாது.

பிளக் பாயின்ட் போதவில்லை, எக்ஸ்டென்ஷன் போர்டு போடலாமா?

கூடாது. ஆக்சிஜன் ஓடுகிற அறை அது. மகாராஷ்டிரத்தின் பந்தாரா ஆஸ்பத்திரி 2021, உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி ஆஸ்பத்திரி 2024, இரண்டு தீயிலும் பச்சிளம் குழந்தைகள் இறந்தன. எலக்ட்ரீஷியனை இன்றே கூப்பிடுங்கள்.