14 மாத அனிமேஷன் கோர்ஸா, காலேஜ் டிகிரியா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், படம் நன்றாக வரைவான். இங்குள்ள ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 14 மாத அனிமேஷன் கோர்ஸில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கட்டணம் 2 லட்சத்து 80 ஆயிரம். வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்கிறார்கள், மாதத் தவணையும் உண்டாம். என் கணவரோ முதலில் ஒரு டிகிரி வாங்கட்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஸ்டுடியோவுக்குள் உங்கள் மகன் சொல்வது சரி. வெளியே வந்துவிட்டால் உங்கள் கணவர் சொல்வது சரி.

ஸ்டுடியோக்காரர்கள் முதலில் கேட்பது ஷோரீல்தான். தான் செய்த வேலைகளைக் கோத்து வைத்த ஓரிரு நிமிட வீடியோ. அது நன்றாக இருந்தால் சான்றிதழைப் பெரிதாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் நிலையாமை அதிகம். 2025 பிப்ரவரியில், சினிமாவுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோருக்குத் திடீரென்று வேலை போனது. அப்படி ஒரு நாளில் வங்கித் தேர்வு எழுதவோ எம்.பி.ஏ. சேரவோ டிகிரி வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்க்க வேண்டிய எச்-1பி விசாவுக்கும் டிகிரி, இல்லையென்றால் அதற்கு ஈடான நீண்ட அனுபவம் கேட்பார்கள்.

சரி, அந்த மையத்துக்கு வருவோம். கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போடுகிறார்களா என்று பாருங்கள். சட்டப்படி அங்கீகாரம் உள்ள பட்டப்படிப்பின் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. வரி போட்டிருந்தால், சுவரில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் தொங்கினாலும் நீங்கள் வாங்கப்போவது பயிற்சிதான், பட்டம் இல்லை. சொன்ன தொகை வரி சேர்க்காததாக இருந்தால் இன்னும் 50,400 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்!

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த மாதத் தவணை. பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் மொத்தப் பணத்தையும் மையத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும், கடன் உங்கள் பெயரில் ஓடும். மூன்றாவது மாதமே பையன் பிடிக்கவில்லை என்று நின்றாலும், மையத்துக்கே பூட்டு விழுந்தாலும் கடன் கொடுத்த நிறுவனம் விடாது. கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் விழும், பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது தெரியும். கல்லூரி என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 அறிவிப்பு இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம் திருப்பித் தர வேண்டும். தனியார் மையத்தில் விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் விதி. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நூறு சதவீத உத்தரவாதத்தை லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போதே பேச்சு ‘வேலைக்கு உதவுவோம்’ என்று இறங்கிவிடும். போன பேட்ச் மாணவர்கள் மூன்று பேரிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். என்ன வேலை செய்கிறார்கள் என்பது முக்கியம். பலருக்கும் முதல் வேலை ரோட்டோதான்: நடிகரின் தலைமுடி ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டுப் பிரிக்கிற வேலை. கதாபாத்திரங்களுக்கு உயிர் கொடுக்கும் கனவோடு போகிற பையனுக்கு இது முன்பே தெரிந்திருக்கட்டும்.

என் பிள்ளையாக இருந்தால், மூன்று மாதம் ஒரு பைசா செலவழிக்க மாட்டேன். பிளெண்டர் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேர் இலவசம். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படமே அதில் செய்ததுதான். ஒரு பந்து துள்ளுவதையும் ஒரு ஆள் நடப்பதையும் வீட்டிலேயே செய்து பார்க்கட்டும். பத்தாவது தடவை திருத்தும்போதும் உட்கார்ந்திருக்கிறானா பாருங்கள்.

உட்கார்ந்தால், சென்னை தரமணி அரசு திரைப்படக் கல்லூரிக்கு முதலில் முயற்சி செய்யுங்கள். அங்கே அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பே இருக்கிறது. கிடைக்காவிட்டால் தொலைநிலைக் கல்வியில் ஒரு டிகிரிக்குப் பதிவு செய்துவிட்டு இந்தக் கோர்ஸிலும் சேரலாம். அந்த டிகிரிக்கு யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? எழுதவில்லையே. கொடுத்திருந்தால் ரசீதையும் ‘நூறு சதவீதம்’ என்று அச்சடித்த நோட்டீஸையும் பத்திரமாக வையுங்கள். திருப்பித் தர இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.