பேத்திக்கு அந்த ஊசி போடலாமா?

கேள்வி: அக்கா, ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசியைக் கலைத்த கருவிலிருந்து செய்தார்களாமே? பேத்திக்குப் போட மனசு வரலை.
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்

பதில்: போடுங்கம்மா. டர்பனில் 30 வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். கர்ப்பத்தில் ரூபெல்லா கண்ட தாய்க்குக் கண்புரையோடு பிறந்த பிள்ளையை இந்தக் கையில் ஏந்தியிருக்கிறேன்.

1962-இல் சுவீடனில் கலைத்த ஒரு கரு. அதன் நுரையீரல் உயிரணுக்களை ஆய்வகத்தில் பெருக்கினார்கள். பிறகு அவற்றில்தான் ரூபெல்லா கிருமியை வளர்த்து, வலுவிழக்கச் செய்து, ஊசி மருந்தாக்கினார்கள். ஊசிக்காக யாரும் கருவைக் கலைக்கவில்லை. ஆனால் அந்தத் தாயை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான். இப்போது நம் தென்னாப்பிரிக்காவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருத்திசு எடுக்க எழுத்தில் சம்மதமும் அமைச்சரின் அனுமதியும் வேண்டும்.

கிளினிக் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.