சோப்ராஜ் கதை பார்த்துவிட்டுத் தூக்கம் வராத அம்மாவுக்கு

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கல்லூரி முடித்த என் மகள் தோழியுடன் பாங்காக், காத்மாண்டு என்று மூன்று வாரம் சுற்றப் போகிறாள். சார்லஸ் சோப்ராஜ் கதையைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அனுப்பலாமா? என்ன சொல்லி அனுப்புவது?"

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் 'ஜாக்கிரதை' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். முரடனைப் பார்த்தால் உங்கள் மகளே ஒதுங்கிவிடுவாள். பயணிகளை மயக்கிக் கொள்ளையடித்துக் கொன்ற சோப்ராஜ் அப்படி வரவில்லை. நான் ரயில்வே போலீஸில் இருந்தபோது, பிடிபட்ட ஏமாற்றுக்காரனைப் பார்த்து "பெரிய சோப்ராஜ்னு நினைப்பா?" என்று அதட்டுவது வழக்கம். அவன் வேலை செய்த விதம் தெரிந்து அதட்டியவர்கள் குறைவு.

1944-ல் சைகோனில் பிறந்தவன். அப்பா இந்தியர், அம்மா வியட்நாம்காரர், குடியுரிமை பிரான்ஸ். 1975-ல் பாங்காக்கில் ரத்தினக்கல் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு, முதுகுப்பையோடு வந்த இளைஞர்களைத் தன் வீட்டில் தங்கவைத்தான். வந்த சில நாளில் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் கூடவே இருந்து மருந்து கொடுப்பான். உடம்பு இன்னும் மோசமாகும். சீக்கும் அவன் கைவேலை, வைத்தியமும் அவன் கைவேலை. பாஸ்போர்ட், பணம் எல்லாம் அவனிடம் போய்விடும். சிலர் தப்பினார்கள், பலர் பிணமானார்கள்.

கொல்லப்பட்ட டச்சு ஜோடியின் பாஸ்போர்ட்டுகளை வைத்தே அந்த டிசம்பரில் நேபாளம் போனான். அங்கேயும் இரண்டு கொலை. அந்த ஜோடியிடமிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் நின்றுபோனதால்தான், பாங்காக்கில் இருந்த டச்சுத் தூதரக அதிகாரி ஹெர்மன் க்னிப்பன்பெர்க் துருவ ஆரம்பித்தார்.

1976-ல் டெல்லி ஹோட்டல் ஒன்றில் பிரெஞ்சு மாணவர் கூட்டத்துக்கு வயிற்றுக்கு நல்லது என்று மாத்திரை கொடுத்தான். அது அவன் நினைத்ததைவிட முந்திக்கொண்டு வேலை செய்ய, அங்கேயே ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள்; தெளிவாக இருந்த சிலர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். 1986-ல் பிறந்தநாள் என்று சொல்லி, மருந்து கலந்த இனிப்பை டெல்லி திகார் சிறைக் காவலர்களுக்கே ஊட்டிவிட்டுத் தப்பினான். காக்கிச்சட்டைக்காரர்களுக்கே அந்தக் கதி! சில வாரத்தில் கோவாவில் சிக்கினான். 1997-ல் விடுதலையாகி பிரான்ஸ் போனவன், 2003-ல் தானாகவே காத்மாண்டுவுக்குத் திரும்பிப் போய் மாட்டி, ஆயுள் தண்டனை வாங்கி, 2022 டிசம்பரில் வெளியே வந்தான்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். கூடப் பயணிக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாத்திரையும் கலக்கிய பானமும் மட்டும் வாங்கக்கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட், பாராசிட்டமால், உங்கள் டாக்டர் எழுதித் தரும் வயிற்று மருந்து ஆகியவை அவள் பையிலேயே இருக்கட்டும். உடம்பு சரியில்லையென்றால் ஆஸ்பத்திரி. புதுச் சிநேகிதரின் அறைக்குப் போக வேண்டாம்.

எழும்பூரில் ஒருமுறை மயங்கிக் கிடந்த ஒரு பெரியவரை ரயில் பெட்டியிலிருந்து தூக்கி இறக்கினோம். விரலில் மோதிரம் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. சட்டைப்பையில் பாதி க்ரீம் பிஸ்கட். மயக்கம் தெளிந்ததும், "தங்கமான பையன் சார், பெட்டியெல்லாம் தூக்கி வச்சான்" என்றார். முகத்தைக் கேட்டால் நினைவில்லை. தூக்க மாத்திரை வகைகள் அப்படித்தான், அதன்பின் நடப்பதை மனதில் பதியவே விடாது. அதனால் யாராவது இப்படி விழுந்தால் மிச்சத்தைக் குப்பையில் போடாதீர்கள், பரிசோதனைக்கு அதுதான் வேண்டும். வாந்தி எடுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நம் ரயிலில் என்றால் 139, தாய்லாந்தில் சுற்றுலா போலீஸ் 1155.

பாஸ்போர்ட்டை யாரிடமும் 'பத்திரமாக' வைக்கக் கொடுக்கக்கூடாது. பாங்காக்கில் வாடகை ஸ்கூட்டருக்கு அதை ஈடாகக் கேட்பார்கள். நகலும் முன்பணமும் போதாது என்றால் வேறு கடை பார்க்கட்டும். தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீஸில் புகார், அப்புறம் இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள். ரத்தினக்கல் கடைக்கு மலிவாகக் கூட்டிப்போகிறேன் என்கிற டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுகிறவர்கள் பாங்காக்கில் இன்றும் உண்டு. அது வெறும் பண மோசடிதான், ஆனாலும் ஏற வேண்டாம்.

தினமும் இரவு ஒரு மெசேஜ், எங்கே தங்குகிறாள் என்று. முதல் நாளே மறந்துவிடுவாள், அதற்காகத் தூதரகத்துக்குப் போன் போடாதீர்கள். தோழியின் எண், தோழி வீட்டு எண், ஒவ்வொரு விடுதியின் எண் எல்லாவற்றையும் இப்போதே எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். மெசேஜ் வராத இரவில் அந்த வரிசையிலேயே கூப்பிடுங்கள்.